பன்னிரண்டு குட்டிக்கு ஒரு தொட்டி

1

இந்தக் கதை என் ஆய்வேட்டின் ஏழாவது அட்டவணையில் பிறந்தது. அட்டவணையில் பொய் ஏதும் இல்லை. நான்கு வரிகளைக் காணோம், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: ‘பனி விலகாத பட்டியில் குட்டிகள் துள்ளி…’ (வேண்டாம். நான் அங்கே போனது எடை போட.)

நேராகவே சொல்கிறேன். இருபத்து நான்கு செம்மறிக் குட்டிகள். பாதி கிடா, பாதி பெட்டை. கொட்டடிக்குப் பன்னிரண்டாக, இரண்டையும் கலந்தே விட்டேன். ஒரு கொட்டடிக்குப் பசும்புல் மட்டும், மற்றதற்குப் புல்லோடு, தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம். தீவனமும் பாலினமும் வளர்ச்சியையும் கறியின் தரத்தையும் எப்படி மாற்றுகின்றன? இதற்குப் பதில் சொன்னால் எனக்குப் பட்டம். பத்தாவது வாரம், புல் கொட்டடியின் நான்கு பெட்டைகள் கிடாக்களுக்குச் சமமாக எடை காட்டின. புதுக் கண்டுபிடிப்பு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

3

கண்டுபிடிப்பு, தீவனம் வைக்கும் அக்காவின் சட்டைப் பையில் இருந்தது. அடுத்த கொட்டடி மூட்டையிலிருந்து அடர்தீவனத்தை அள்ளிவந்து, அந்த நான்குக்கும் தினமும் கையால் ஊட்டியிருக்கிறார்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? என் படிப்பே போச்சு!”

“கிடாவெல்லாம் முட்டித் தள்ளிட்டு மொத்தத்தையும் தின்னுடுது. இதுங்க நாலும் ஓரமா நின்னு பாத்துட்டே இருக்குதுங்க. பன்னெண்டுக்கும் தொட்டி ஒண்ணுதானேம்மா வெச்சீங்க?”

(அக்காவைக் கருணைக் கடலாக்கி ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன். அவர் அப்படியில்லை. எல்லாரிடமும் எரிந்து விழுவார். அந்தக் குட்டிகளையும் “சனியனே, தின்னு” என்றுதான் ஊட்டினார்.)

4

கிடாவையும் பெட்டையையும் பிரித்து வைக்காதது என் தவறு. மற்ற பெட்டைகள் மெலிந்தது பிறப்பாலா, முட்டுப்பட்டதாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பண்ணை அதிகாரியிடம் நான் சொன்னது வேறு.

“தீவனத்தைத் திருடுறாங்க சார்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்காவின் பதினோரு வருட வேலை அன்று மாலையே போயிற்று. நான் அந்த நான்கு பெட்டைகளையும் கணக்கிலிருந்து நீக்கினேன். பட்டம் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

[அடிக்குறிப்பு: கறியைச் சுவைத்து மதிப்பெண் போட்ட ஆறு பேரில் நானும் ஒருத்தி. மிக மென்மையான துண்டுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். குட்டியின் எண்ணைப் பார்த்தால், நீக்கிய நான்கில் ஒன்று. அந்த ஒன்பதையும் கோடிட்டு அடித்தேன்.]

5

முடிவுகள்.

அ) அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். (பொய். வழி தெரியும், போகவில்லை.)

ஆ) பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, பட்டத்தைத் திருப்பி—

இந்த வாக்கியத்தை நாலு தரம் தொடங்கிவிட்டேன். முடிக்கக் கை வரவில்லை.

இ) நீங்களே எழுதுங்கள். அக்கா என்னை மன்னிப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் இன்னும் கேட்கவே இல்லை.