ஓங்கரிப்பு

சங்கரேஸ்வரி அக்கா புறவாசலில் குமட்டி ஓங்கரித்தபோது நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் கணவரின் அண்ணன் மனைவி; அண்ணன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. குற்றாலத்தில் நேந்திரங்காய் வறுத்து விற்கிற கடையில் வேலை பார்த்தாள். பதறிப்போய்த் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஓடவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“நாள் எதுவும் தள்ளிப்போயிருக்காக்கா?”

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “எண்ணெய்ப் பொகை ஒத்துக்கிடலட்டி” என்றாள்.

ஆம்பளைக்கு ஓங்கரித்தால் பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்போம். எனக்கு ஓங்கரித்தபோது என் மாமியார் சிரித்த முகமாய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தாலியறுத்தவளுக்கு மட்டும் அந்தச் சொல் ஆகாது. சொன்னால் யாரோடு என்றுதான் ஊர் கேட்கும். ஊர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அக்கா அசதி என்றாள், கிறுகிறுப்பு என்றாள். சோற்றைப் பிசைந்து அப்படியே மூடிவைத்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஓங்கரித்தாள். எனக்குக் கேட்கத்தான் செய்தது.

நடையே தள்ளாட ஆரம்பித்ததும் தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். என் கணவரும் உள்ளே வந்து நின்றார்.

“குமட்டல், வாந்தி ஏதாவது இருக்காம்மா?”

அக்கா கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இருபது நாள் கழித்து நினைவு தப்பி விழுந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். “மாசக்கணக்கா குமட்டியிருக்குமே, வீட்ல யாரும் கவனிக்கலையா?” என்று அங்கே கேட்டார்கள்.

“வாயத் திறந்து சொன்னாத்தான சார் தெரியும்” என்று என் கணவர் அலுத்துக்கொண்டார். அவரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும்.

சாயங்காலம் அக்கா கண் திறந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்கச் சுரண்டையிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது, பாதிப் பேர் ஆண்கள். நான் வாசலைப் பார்த்துக் கத்தினேன்.

“சிஸ்டர், இங்கன வாங்க! அக்காவுக்கு ஓங்கரிக்கு!”

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி அக்கா என் வாயைப் பொத்தினாள்.