அப்பாவின் குரலுக்கு ஓர் இடம்

அப்பாவின் குரல்நாணில் கட்டி இருப்பதாகச் சொன்ன மருத்துவர், உயிருக்கு ஆபத்தில்லை என்பதை மூன்று முறை சொன்னார். அதற்குப் பிறகுதான், "குரல் மட்டும் பழையபடி வராது. காத்து மாதிரிதான் வரும்" என்றார். அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்தெட்டு வருடமாகக் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பியும், அதைவிடத் தன் தொண்டையை நம்பியும் பிழைத்தவர். அவர் போடும் சத்தத்துக்குப் பக்கத்து வண்டிக்காரர்களும் வேகத்தைக் குறைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, "அப்பா பேசற வீடியோ எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துடணும்" என்றான். அவன் விழாக்களுக்கு வீடியோ எடுப்பவன். ஊரார் வீட்டுப் படங்களுக்கெல்லாம் பெயர் எழுதி அடுக்கி வைத்திருப்பான். எங்கள் வீட்டு வீடியோக்கள் மட்டும் அவனுடைய மூன்று ஹார்ட் டிஸ்க்கிலும், என் பழைய போனிலும், அம்மாவின் போனிலுமாகச் சிதறிக் கிடந்தன. அதில் ஒரு டிஸ்க், மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

"கிளவுட்ல போட்டுடலாம்டா."

"எந்தக் கிளவுட்லக்கா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நான் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். எதைக் கண்டாலும் கட்டம் போட்டுப் பிரிப்பது என் கைப்பழக்கம். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். எவ்வளவு இடம் தருகிறார்கள், வீடியோவை அமுக்கிச் சின்னதாக்குகிறார்களா, தவறிப்போய் அழித்தால் திரும்பக் கிடைக்குமா. கடைசிக் கட்டத்தில், "அம்மாவால் திறக்க முடியுமா?" என்று எழுதினேன். தம்பி சிரித்தான்.

இணையத்தில் இப்படி இடம் தரும் மூன்று நிறுவனங்களை எடுத்துக்கொண்டோம். அவற்றின் பெயர் எதுவும் அம்மாவின் வாயில் நுழையவில்லை. போனில் தெரிந்த படத்தைப் பார்த்து அவளே பெயர் வைத்தாள்: பூப்போட்டது, நீலம், மொட்டை. மூன்றாவதில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே அப்பா என்னைத் திட்டும் பழைய வீடியோவை மூன்றிலும் ஏற்றினோம். பூப்போட்டது பார்க்க அழகு. முகம் முகமாகப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் தம்பி காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "அடிக்குரல் போயிடுச்சுக்கா" என்றான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் கொடுத்தோம்.

"இதுல எனக்குச் சளி பிடிச்சிருக்கே" என்றார்.

இடத்தை மிச்சம் பிடிக்க அது வீடியோவைச் சுருக்கியிருந்தது. அந்த வசதியை அணைத்துவிடலாம்தான். ஒவ்வொரு போனிலும் அணைத்ததை யார் ஞாபகம் வைத்திருப்பது? அதைத் தள்ளினோம்.

நீலம் படுவேகம். இங்கே போட்டால் அடுத்த நிமிடம் எல்லோர் போனிலும் இருக்கும். வியாழக்கிழமை மதியம் நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்குத் தம்பியின் அழைப்பு வந்தது.

"அக்கா, ஃபோல்டர் காலி."

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கட்டில் விளிம்பில் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இடமில்லை, இடமில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. என் போன்ல இருக்கறதைத்தானே அழிச்சேன்?"

"இது எல்லாருக்கும் ஒரே ஃபோல்டர்மா. நீ இங்க அழிச்சா எங்க போன்லயும் போயிடும்."

அவள் முகம் செத்துவிட்டது. நல்லவேளை, அழித்தவற்றை முப்பது நாள் ஒரு குப்பைத்தொட்டியில் வைத்திருந்தார்கள். ஒரு பட்டனை அமுக்க, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனாலும் இரண்டு நாள் அம்மா போனைத் தொடவில்லை.

"நான் ரெண்டு காரையே மரத்துல விட்டவன். நீ ஒரு ஃபோல்டரைத்தானே விட்ட?" என்றபடி அப்பா அவளுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார்.

மிச்சம் மொட்டை. ஏற்றி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டது. அம்மாவுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுக்க முடிந்தது. லிங்க்கைத் தொட்டாள், பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது. கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். "ஒரே இடத்தை நம்ப வேணாம்" என்று தம்பி புது டிஸ்க் ஒன்றிலும் இன்னொரு பிரதி எடுத்து வைத்தான்.

எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கேமராவைப் பெரும்பாலும் அப்பாவே பிடித்திருக்கிறார். "இந்தப் பக்கம் பாரு", "சிரி", "வெளிச்சத்தை மறைக்காத" என்பதைத் தாண்டி அவர் பேசியது மொத்தமே நாற்பது நிமிடம்.

தம்பி மைக்கை முன்னால் வைத்தான். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து, அதோடு நின்றுவிட்டார். யாரோ வேற்று ஆள் மாதிரி இருந்தது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஏங்க, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாள் முதல் அவர் கெஞ்சி, "உங்ககிட்ட வந்து யார் திட்டு வாங்கறது?" என்று அவள் மறுத்துக்கொண்டிருந்த காரியம் அது.

காரின் முன்கண்ணாடிக்கு மேலே சின்ன மைக்கைப் பொருத்தினோம். மூன்று வாரத்தில் பதினொரு பாடம். ஒவ்வொன்றையும் அன்றன்றே மொட்டையில் ஏற்றினேன். ஆறாவது பாடம் ரிவர்ஸ்.

"ஸ்டியரிங்கைப் பிடிம்மா, கதவை ஏன் கட்டிப்பிடிக்கற?"

"பின்னாடி செவுரு வருதுங்க!"

"செவுரு வராது. நீதான் போற!"

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர் சொன்னபடியே குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் பாதியில் நின்றுபோன மாணவர்கள் பதினெட்டுப் பேர் அவருக்கு இருந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பதினொரு பாடத்தின் லிங்க்கையும் அப்பா அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்.

எங்களுக்கு அது தெரியவந்த விதம்தான் வேடிக்கை. மருந்துக்கடையில் ஒரு பெண் அம்மாவின் குரலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறாள். "ஆன்ட்டி, நீங்கதானே ஆறாவது பாடம்?"

அம்மா பையை மேசையில் வைத்த வேகத்தில் மாத்திரைகள் உருண்டன. "நான் கதவைக் கட்டிப்பிடிச்சதை ஊரே கேக்குதாமே!"

அப்பா சிரித்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. "நல்ல பாடம் அது" என்று காற்றாகச் சொன்னார்.

"அப்ப என் பக்கத்து நியாயத்தையும் போடுங்க. டேய், அந்த மைக்கை மாட்டு."

மறுநாள் காலை அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். பன்னிரண்டாவது ஃபைல் நாற்பத்தொரு நிமிடம். முழுக்க அம்மாவின் குரல்தான். அவர் எப்படித் திட்டினார், எப்படித் திட்டியிருக்கலாம், தான் எங்கே சரியாகத் திருப்பினாள் என்று ஒரே வழக்கு. அது மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும்போது நானும் தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தோம். முப்பதாவது நிமிடத்தில் அப்பா ஏதோ சொல்கிறார். தம்பி சத்தத்தை எவ்வளவு கூட்டியும் இன்ஜின் இரைச்சலில் அது பிடிபடவில்லை. அம்மாவின் பதில் மட்டும் தெளிவாக இருக்கிறது.

"தெரியும். ரோட்டைப் பாருங்க."