மல்லாந்து கிடந்த மகாராணி

மகன் கண்ணாடித் தொட்டியின் மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விடப்போன நேரத்தில், அவள் அவன் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்திய கை அவளுடையது. வலிக்காமல் இருக்குமா?

"என்னம்மா நீ! அது செத்துப்போச்சு. மல்லாந்து கெடக்குது பாரு. அப்பாகூடவே பெட்டியில வச்சு அனுப்பிடலாம்னு நெனச்சேன். பதினொரு வருஷம் வளத்தாரே."

நல்ல எண்ணம்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், காலையிலிருந்து சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். நாலு மணிக்கு வண்டி வரும். இங்கே உள்ளறையில் அவர் வளர்த்த டரான்டுலா, உள்ளங்கை அகலச் சிலந்தி, எட்டுக் காலையும் மேலே விரித்துக் கிடந்தது. அவர் அதை மகாராணி என்பார். அவள் சனியன் என்பாள்.

அது பரம சாது. அவர் கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் குணமே மாறிவிட்டது. இரையைத் தொடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப்போனால் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. பின்னங்காலால் உடம்பு ரோமத்தைத் தட்டிவிட்டதில் அவர் மணிக்கட்டெல்லாம் அரிப்பு. அதே மாதம்தான் அவரும் மருந்தைத் தட்டிவிட்டு மருமகள்மேல் எரிந்து விழ ஆரம்பித்தார்.

"ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்று அவள் அப்போது கத்தினாள்.

"அது கோவமில்லடி, பயம்," என்றார் அவர். " பழைய தோலு இறுக்குது, புதுசு இன்னும் கெட்டிப்படல. அந்த நேரத்துல கிட்டப் போனா காலத் தூக்கத்தான் செய்யும்."

அவள் காதில் விழாத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விழுந்துகொண்டுதான் இருந்தது.

"செத்தா நிமிந்தபடியே கால உள்ள மடக்கிக்கும்," என்றாள் இப்போது மகனிடம். "மல்லாந்து கெடந்தா தோல் உரிக்குதுன்னு அர்த்தம். இப்பத் தொட்டா கால் பிஞ்சிரும். நகரு."

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் இந்த ரூம் பக்கமே வரமாட்டியே."

"உங்கப்பாவோட நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன்டா. சும்மாவா?"

கொழுந்தன் அறை வாசலில் வந்து நின்றார். "அண்ணி, வண்டி வந்து அரைமணி நேரமாச்சு. ஒரு பூச்சிக்காக இப்படியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நிக்கட்டும் தம்பி. உங்க அண்ணன் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

தபால் நிலையத்தில் வரிசையைக் கட்டிப்போட்ட அதே குரல். கொழுந்தன் கூடத்துக்கே திரும்பிப் போனார்.

அவள் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் நினைவிருக்கிறதா? செத்த பிராணிக்குக் காவல் இருந்து, வந்தவர்கள் சிரிக்கும்படி ஆகிவிடுமோ? அவர் போனதைக் காலையிலிருந்து தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். இதுவும் போனால் தாங்காது என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

சிலந்தியின் ஓடு மெல்ல விலகியது. பழைய தோலுக்குள்ளிருந்து வெளிறிய ஒரு கால், கையுறையிலிருந்து விரல் வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு அடுத்தடுத்து. அவள் விரல் விட்டு எண்ணினாள். ஏழாவது சிக்கிக்கொண்டது.

"இழு, சனியனே, இழு. விட்டுடாத."

அவள் பின்னால் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏழாவது வந்தது. எட்டாவதும் வந்தது.

அவள் விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். பெட்டியருகே நின்று, அத்தனை பேரும் கேட்கும்படி, "வந்துருச்சுங்க," என்றாள். "எட்டுக் காலும் முழுசா வந்துருச்சு. நீங்க சொன்ன மாதிரியே." காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

மகன் பெட்டியின் தலைமாட்டுக்கு வந்தான். "சித்தப்பா, மெதுவாத் தூக்குங்க. தரை அதிரக்கூடாது. அதுக்கு ஒடம்பு இன்னும் கெட்டிப்படல."

பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் உள்ளறை வாசலைக் கடக்கும்போது, கொழுந்தன் உட்பட, குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடந்தார்கள்.