துளை போட்ட குழாய்

1

வாய்க்காலில் தண்ணீர் வரும்போது தன் வயலுக்கு வேண்டாம் என்று சொன்ன ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். கண்டியில் நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடைக்கு வடிவம்மா வந்து, முழ நீளக் குழாய் வாங்கி, சுற்றிலும் துளை போடச் சொன்னாள். எதுக்கு என்றேன்.

"வயலுக்குக் காய்ச்சல் பாக்கத்தாங்க" என்று சிரித்தாள்.

கதை அங்கே தொடங்கியது. என் ஊர் மட்டக்களப்பு. இங்கே பேச ஆளில்லை, எழுதுகிறேன்.

2

மகாவலி பனிமூட்டத்தின் ஊடாக—

இல்லை. வத்தேகமவுக்குக் கீழே இருக்கும் அவளுடைய குத்தகை வயலிலிருந்து மகாவலி ஆறு தெரியாது. மறுபடி.

வடிவம்மா குழாயைச் சேற்றில் நட்டாள். விவசாய அதிகாரி ஐயா சொன்னது இதுதான்: வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கத் தேவையில்லை, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கினால் மட்டும் பாய்ச்சு. பூக்கும்போது மட்டும் காயவிடாதே. இந்தப் போகமும் விளையாவிட்டால் வயல் வேறு ஆளுக்கு என்று உரிமைக்காரர் சொல்லியிருந்தார். வாய்க்கால் தண்ணீரில் அவள் முறை வந்தபோதெல்லாம் குழாயில் தண்ணீர் இருந்தது. வேண்டாம் என்றாள், மடையைத் திறக்கவில்லை. பயிர் பச்சையாகவே நின்றது.

(இந்த இடத்தில் கதை சந்தோஷமாகப் போகிறது. நம்பாதீர்கள்.)

3

பூ வந்தது. குழாய் காய்ந்தது. வாய்க்கால் முறை பார்க்கும் பாரூக்கிடம் போனாள். அவரை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, நாளைக்கு என் முறை."

"நீங்கதானே வேணாண்டு சொன்னீங்க? ஆக்கள் கூடிப் பேசி அத கீழ்வயலுக்குக் குடுத்தாச்சி."

"அப்ப தேவைப்படல. இப்ப பூக்குது நானா."

"கீழயும் பூக்குது தங்கச்சி. தண்ணியில்லாம வெள்ளாம செய்ற ஆள்ண்டு ஒங்களப் பெருமையாத்தான் பேசினாங்க."

"அப்ப நான் மிச்சம் புடிச்ச தண்ணி?"

பாரூக் கீழே கைகாட்டினார்.

(அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.)

4

மழை பெய்திருக்கலாம். பெய்யவில்லை. பாரூக் மனம் இரங்கியிருக்கலாம். கீழ்வயல்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? வடிவம்மா மண்வெட்டியை ஓங்கி மடையை—

முடிக்க வரவில்லை. கீழேயும் பூ.

உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது நடந்தது மட்டும்.

மறுநாள் காலை தண்ணீர் கீழ்வயலுக்கே போனது. வடிவம்மா குழாயைப் பிடுங்கி, கழுவி, கடைக்குக் கொண்டுவந்தாள். திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டாள். துளை போட்டதை எடுப்பதில்லை என்றார் முதலாளி.