சூப்பை மென்ற கணக்கு

ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'தாடை டாக்டர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். அவர் காதில் நன்றாகவே விழும். கோபித்துக்கொள்ளவா முடியும்? மனிதர்கள் எப்படி மெல்கிறார்கள் என்று எட்டு வருடமாக ஆராய்கிற ஆளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவரோ மதியச் சாப்பாட்டை நின்றபடியே நாலு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர். ஊரையெல்லாம் மெல்லச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் அப்படியே விழுங்குகிற இந்தப் பிழைப்பை நினைத்தால் அவருக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

ஆராய்ச்சி இதுதான். நூற்றிருபது பேரிடம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவியைக் கொடுத்து, வீட்டில் சாப்பிடும்போது காதுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். தாடை ஒருமுறை அசைந்தால் கருவி ஒன்று என்று எண்ணும். ஒரு வருடக் கணக்கைப் பார்த்தால், நிறைய மென்றவர்கள் நன்றாகத் தூங்கியிருந்தார்கள், வீட்டில் எரிந்து விழுவதையும் குறைத்திருந்தார்கள். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையோடு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு பரிந்துரையும் எழுதிவிட்டார்: சாப்பிடும்போது பிள்ளைகள் பேசக் கூடாது, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பது முறை எண்ணி மெல்ல வேண்டும். அதற்கு ஒப்புதல் வாங்கத்தான் இன்று பதினோரு மணிக்கு இயக்குநர் அம்மாவின் அறையில் கூட்டம்.

ஒன்பதரை மணிக்கு இரண்டு கருவிகளைக் கணினியில் செருகினார். புது பேட்டரி போட்டு, முந்தின நாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சோதித்தவை. ஒன்று அவருடையது: நாற்பத்தொன்று. மானம் போகிற எண்தான், ஆனால் உண்மை. இன்னொன்று மனைவியுடையது: எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அவள் அன்றைக்குத்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே போனது ஒரு கிண்ணம் சூப், அவ்வளவுதான். டாக்டர் போன் போட்டார்.

"நேத்து சூப்பைத் தவிர வேற ஏதாவது சாப்பிட்டியா?"

"பல்லைப் பிடுங்கிட்டு வந்தவ வேற எதைங்க சாப்பிடுவா?"

"அப்ப வாயை எதுக்கு அசைச்ச?"

"பேசினேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்," என்றாள்.

"என்ன பேசின?"

"அதையும் உங்க மிஷின்கிட்டயே கேளுங்க," என்று வைத்துவிட்டாள்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம் என்று நூற்றிருபது பேரும் எழுதித் தந்த படிவங்களை டாக்டர் இழுத்துப் போட்டுப் பார்த்தார். நிறைய 'மென்றவர்கள்' எல்லோரும் வீட்டாரோடோ சிநேகிதர்களோடோ உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். குறைவாக 'மென்றவர்கள்' தனியாகச் சாப்பிடுகிறவர்கள். கருவி எண்ணியதில் பாதிக்குமேல் அரட்டை. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்தார். நினைத்ததற்காக வெட்கப்பட்டார். சொன்னால் எட்டு வருட உழைப்பு அம்போ. சொல்லாவிட்டால் ஊர்ப்பட்ட பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும்.

கூட்டத்தில் இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார். "கையெழுத்துப் போட்டுடலாமா?"

"போடலாம் மேடம். அதாவது, கருவியில ஒரு சின்ன... சின்னதுன்னு சொல்ல முடியாது, ஒரு நடுத்தரமான..."

"டாக்டர், மெல்றதைப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்க, சரி. அதுக்காகப் பேசும்போதும் மென்னு முழுங்கணுமா? சொல்லுங்க."

சொன்னார். சூப்பில் ஆரம்பித்து அரட்டை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். இயக்குநர் பேனாவை மூடினார்.

"இத்தனை வருஷத்துல அந்தக் கருவியை மாட்டிக்கிட்டு ஒருத்தர்கூடப் பேசிப் பாக்கலையா?"

"இங்க சோதிச்சப்ப யாரும் பேசலை மேடம். 'பேசாமல் சாப்பிடவும்'னு சுவத்துல பலகை மாட்டியிருந்தோம்."

"யார் மாட்டினது?"

"நான்தான்."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். டாக்டருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. இயக்குநர் பரிந்துரையைக் குறுக்கே கிழித்தார். "முதல்லேர்ந்து ஆரம்பிங்க. அந்தப் பலகையை இன்னிக்கே கழட்டுங்க."

சாயங்காலம் வீட்டில் மேஜைக்கு இந்தப் பக்கம் ரொட்டி, அந்தப் பக்கம் சூப். மனைவியின் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு நடந்ததையெல்லாம் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீ என்ன சொன்ன?" என்றார் கடைசியாக.

"ஆஸ்பத்திரிக்குத் தனியாத்தான் போனேன். ஊசி போடறப்ப கைய பிடிச்சுக்க ஆளில்லை, பயமா இருந்துதுன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னீங்க. மொத்தம் பதினோரு தடவை. உங்களுக்கு மட்டும்தான் எண்ணத் தெரியுமா?"

அவருக்குத் தலை நிமிரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லி அவள் கேட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கும் 'ம்' சொல்லியிருந்தார்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வாயில் ரொட்டியோடு, "மன்னிச்சுடு. முதல்லேர்ந்து சொல்லு, கேக்கறேன்," என்றார்.

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"சொல்றேன். முதல்ல வாயில இருக்கறதை மென்னு முழுங்குங்க."

அவர் மென்றார்.