ஓட்டை விழுந்த படம்

ஐந்தாவது முறையாக "சிரிக்காதீங்கம்மா" என்று சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வருடம் விளைந்த பருத்தியை வாங்க ஆளில்லாமல் ஊரெல்லாம் அது வயலிலேயே காய்ந்தது. அந்தக் கஷ்டத்தைப் படம்பிடித்துக்கொண்டு வரச்சொல்லி நிவாரண அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. இந்த அம்மாளோ கேமராவைக் கண்டதும் வாசலைக் கூட்டி, பிள்ளைகளுக்குத் தலைவாரி, இருந்த ஒரே நல்ல சட்டையைப் புருஷனுக்கு மாட்டிவிட்டாள். வறுமையில் செம்மை என்பார்களே, அது எனக்குத் தலைவலியாக வந்து வாய்த்தது.

எப்படியோ பதினொரு படம் எடுத்து முடித்தேன். இன்னும் ஒன்றுக்குத்தான் ஃபிலிம் இருந்தது.

"நீங்க சொன்னபடியெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாச்சு," என்றாள். "இப்ப எங்களுக்குன்னு ஒண்ணு எடுங்க. இவரு நாளைக்குச் சுரங்க வேலைக்குப் போறாரு, வர எத்தன வருஷமாகுமோ. சின்னதுக்கு அப்பன் முகம் மறந்துடக் கூடாது."

புருஷன் வந்து மரம்போல நின்றார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு பயப்படலியே நீங்க," என்றாள். அவர் சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினேன். படம் கட்டாயம் வந்துசேரும் என்று வாக்கும் கொடுத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் வேண்டாத நெகடிவ் எதையும் யாரும் அச்சிடாதபடி, காகிதத்தில் துளைபோடும் கருவியால் நடுவில் ஓர் ஓட்டை போட்டுவிடுவார்கள். நான் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அதிகாரி அந்தச் சிரித்த படத்தில் ஓட்டை போட்டிருந்தார்.

"சிரிக்கிறவங்களுக்கு யாரும்மா தானியம் அனுப்புவான்?" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. மற்ற படங்கள் பத்திரிகையில் வந்த பிறகுதான் அந்த ஊருக்கு மூன்று லாரி தானியம் போனது. ஆனாலும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இருட்டறையில் அந்த ஓட்டை நெகடிவை அச்சிட்டேன். மருந்துத் தட்டில் முதலில் எழும்பியது ஓட்டை விழுந்த இடத்துக் கறுப்பு வட்டம்தான். யார்மேல் விழுந்திருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். மெல்ல அவர் முகம் வந்தது, முழுசாக. பிள்ளைகள் வந்தார்கள். அவள் முகம் மட்டும் வரவில்லை.

படத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவரு நல்லா விழுந்திருக்காரு," என்றாள்.

"உங்க முகம்தான்..."

"என் முகம் எதுக்குங்க? நான் இங்கதான இருக்கேன்."

சின்னதின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அது தத்தித் தத்தி வந்து, "அப்பா" என்று தொட்டது. பிறகு கறுப்பு வட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தது. அவள் குனிந்து, படத்தை ஒட்டித் தன் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.