ஆலோசகர் வாங்கிய தட்டு

1

“புள்ள அவரோடயே இருக்கட்டும் மிஸ். எனக்கு வேணாம்.”

இந்த வாக்கியத்தில் கதையைத் தொடங்கக் கூடாதுதான். ஒரு தாய் ‘எனக்கு வேணாம்’ என்று சொன்ன இடத்திலேயே நீங்கள் புத்தகத்தை மூடிவிடலாம். அல்லது, அவளுக்கு என்ன தண்டனை கிடைக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் தொடர்ந்து வாசிக்கலாம். அவளுக்காக வழக்காடும் லோயர் ஜனார்த்தனனும் அவளிடம் சொல்லியிருந்தார். “தங்கச்சி, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. இத மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாதீங்க. வீட்ட விட்டுப் போனவ நீங்க. கோட்டுல இத வச்சே ஒங்கள உரிச்சிருவாங்க.”

கேட்டுவிட்டாள். எனக்கும் வேறு தொடக்கம் இல்லாமல் போயிற்று.

கதை என்னுடையதல்ல. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தொலைபேசியில் சொன்னது. எங்கள் இரண்டு வீட்டிலும் முதலில் பட்டம் வாங்கியது நாங்கள்தான். அதனால் வீட்டில் எது உடைந்தாலும் படிப்புத்தான் உடைத்தது என்பார்கள். “எழுது. ஆனா என்னைய நல்லவளாக்கிறாத,” என்றாள். லோஜினி என்பது நான் அவளுக்கு வைத்த பெயர்.

2

முதல் தொடக்கம்: கண்டியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் லோஜினி—

(வேண்டாம். கண்டியில் மழை ஒரு செய்தியா?)

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய கணவன் யோகராஜ் ஒரு கொடுமைக்கார—

(பொய். அப்படி எழுதினால் எனக்கு வேலை சுலபம். குண்டசாலை வீட்டில் அவன் அவளை அடித்ததில்லை. அவள் எதைச் சொன்னாலும் “படிச்சவங்க சொல்லிட்டாங்க” என்று தாயைப் பார்த்துச் சிரிப்பான். தினமும். இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆள்தான் மகள் நிலூஷாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவான், லோஜினியை விடவும் ஒழுங்காக. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

விவாகரத்து வழக்கு முடியும்வரை நிலூஷா ஒரு வாரம் குண்டசாலையில் தகப்பனோடும், மறுவாரம் வத்தேகமவில் லோஜினி எடுத்திருந்த வாடகை அறையிலும் இருந்தாள். சனிக்கிழமைதோறும் குட்ஸ்செட் பஸ் நிலையத்தில் கைமாறுவாள். மாறும்போதெல்லாம் வாந்தி எடுப்பாள். ஒரு சனிக்கிழமை, ஒரு கையால் அம்மாவின் துப்பட்டாவையும் மறு கையால் அப்பாவின் சேர்ட்டையும் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் எடுத்தாள்.

“காலையில என்னாத்தக் குடுத்த?” என்றான் யோகராஜ்.

“நீங்க மொறச்சிக்கிட்டே வந்தா புள்ள என்னா செய்யும்?” என்றாள் லோஜினி.

நிலூஷா வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் வேணும்னு எடுக்கல,” என்றாள்.

யாராவது ஒருவர் கையை எடுத்தாக வேண்டும் என்று லோஜினிக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அவன் எடுக்கமாட்டான் என்பதும் தெரிந்தது.

3

வழக்கைக் கேட்குமுன் நீதிமன்றம் இருவரையும் குடும்ப ஆலோசகரிடம் அனுப்பியது. சட்டம் பிரித்துவிட்டுப் போகிற கத்தியாக மட்டும் இருக்கக் கூடாது, காயத்தையும் ஆற்ற வேண்டும் என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். அறையில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மேசை ஆட்களைப் பிரிக்கும் என்று மேசையை எடுத்துவிட்டார்களாம்.

ஆலோசகர் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் புரியும், மிச்சத்தை லோஜினியே சிங்களத்தில் சொன்னாள். ‘எனக்கு வேணாம்’ என்று கேட்டும் அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. “ஏன்?” என்று மட்டும் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. லோஜினி பஸ் நிலையத்தைச் சொன்னாள். “நீங்கள் பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதையும் பேசித் தீர்ப்போம்,” என்றார் அவர்.

(இந்த அம்மாவைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.)

பிறகு யோகராஜின் ஆட்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவனுடைய தாய் ராக்கம்மா இந்த அழைப்பைச் சமாதானப் பேச்சு என்று புரிந்துகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் சமாதானத்துக்குக் கையை வீசிக்கொண்டு போகமாட்டார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஒரு சேலை வைத்துத் தட்டுக் கொண்டுபோவார்கள். பெண் வீட்டார் தட்டை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை. லோஜினி பிள்ளையை விடப்போகிறாள் என்று தெரிந்ததும் அவள் வீட்டார் வரவே மறுத்துவிட்டார்கள்.

“பொண்ணு வீட்டுல ஒருத்தரும் வரலியா? நல்லதாப் போச்சு, நாலு வாய் கொறஞ்சிச்சு,” என்றார் ராக்கம்மா.

யோகராஜின் தாய்மாமன் வீரையா தட்டோடு எழுந்து ஆலோசகர் முன்னால் போய் நின்றார். “இந்தப் பொண்ணுக்கு இன்னிக்கி நீங்கதாம்மா தாய் எடம். வாங்கிக்கங்க.”

வெற்றிலையை மரியாதையாகக் கொடுத்தால் மரியாதையாக வாங்குவதுதான் ஆலோசகர் வளர்ந்த முறை. எழுந்து, தலை குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினார்.

“முடிஞ்சிச்சு,” என்றார் ராக்கம்மா. “எந்திரி லோஜினி. சேல ஒனக்குப் புடிக்காதுன்னு தெரியும். அலுமாரியிலயாவது வை.”

யோகராஜ் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். “வா. மாமா தட்டக் குடுத்தாச்சு.”

4

லோஜினி சிங்களத்தில் விளக்கினாள்: நீங்கள் வாங்கியது பழமில்லை மிஸ், என் வாக்கு. நான் திரும்பிப் போவதாக நீங்கள் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஆலோசகர் திடுக்கிட்டுத் தட்டை வீரையாவிடம் நீட்டினார். வீரையா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “குடுத்த தட்டத் திருப்பி வாங்குனா குடும்பத்துக்கு ஆகாதும்மா.” கீழே வைப்பதும் அவமானம். மேசையும் இல்லை. அந்த அம்மா தட்டோடு அப்படியே நின்றார்.

(இங்கே நான் சிரிக்க வேண்டுமா, கத்த வேண்டுமா? எல்லாரும் நல்லதைத்தான் செய்தார்கள். ஆனால், இந்த அறையில் யாருடைய காயம் ஆறுகிறது?)

5

முடிவு ஒன்று: லோஜினி குண்டசாலைக்குத் திரும்பிப் போகிறாள். நிலூஷா வாசலுக்கு ஓடிவந்து—

(முடியவில்லை. அந்த ஓட்டத்தை எழுதினால் நானும் தட்டை வாங்கியவளாவேன்.)

முடிவு இரண்டு: நீதிபதி அவளுடைய தியாகத்தைப் பாராட்டி—

(‘தியாகம்’ என்று எழுதினால் அவள் என்னை அறைவாள்.)

அன்று அறையில் நடந்ததை மட்டும் தருகிறேன்.

“சனிக்கிழமை வரைக்கும் இருக்க வேணாம்,” என்றாள் லோஜினி யோகராஜிடம். “இன்னிக்கி ஸ்கூல் விட்டதும் நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. உடுப்பெல்லாம் காலையிலயே மடிச்சுக் குடுத்து விட்டுட்டேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்.”

“என்னா சொன்ன?”

“இனிமே ஒன்னைய யாரும் பஸ் ஸ்டாண்டுல மாத்தமாட்டாங்கன்னு. அம்மா குண்டசாலைக்கு வந்து பாப்பேன்னு.”

“பெத்தவ பேசுற பேச்சா இது?” என்றார் ராக்கம்மா.

யோகராஜ் தாயின் பக்கம் திரும்பவில்லை. “அழுதாளா?” என்று கேட்டான்.

“ரெண்டு பேர்ல யாரு அழுததக் கேக்குறீங்க?”

அவன் தள்ளிவிட்ட கதிரையை இழுத்து வட்டத்தில் நேராக வைத்தான்.

“நான் வந்தா கதவத் தொறக்கணும். தட்டெல்லாம் தூக்கிக்கிட்டு வரமாட்டேன்.”

திறப்பானா? அதற்குப் பிறகு நடந்ததை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவள் செய்தது சரியா என்று எனக்கே இன்னும் தெரியாதபோது உங்களுக்கு மட்டும் எதற்கு அந்த வசதி? அவன் திறப்பதாகவோ திறக்காததாகவோ நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

“கொஞ்சம் உட்காருங்கள், இன்னும் பேசலாம்,” என்றார் ஆலோசகர் தட்டுக்கு மேலாக. உண்மையாகவே கெஞ்சினார்.

“நீங்க நல்லாத்தான் கேட்டீங்க மிஸ்,” என்றாள் லோஜினி. குடையை எடுத்துக்கொண்டு, வட்டத்தில் இடைவெளி இல்லாததால் தன் கதிரையையே ஒருபக்கம் நகர்த்திவிட்டு, வெளியே போனாள்.